இரண்டு மூலைக்குத் தண்ணீர்

இளங்கோ, அம்மா எழுதுகிறேன். உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. நம் கிளப்பின் வரலாற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் அன்று மைதான வாசலில் கொடுப்பதற்கு ஒரு சிறப்பு மலர் அச்சடித்துப் போடுகிறார்களாம். செயலாளர் தாமோதரன் நம் உரக்கடைக்கு வந்து ஒரு மூட்டை பொட்டாஷ் வாங்கினார். வாங்கிக்கொண்டு போகிற போக்கில், "அக்கா, வெண்ணாறு எஃப்.சி. எப்புடி ஆரம்பிச்சுது, எப்புடி வளந்துச்சு, இப்ப என்ன நெலமைன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. ஒங்கள விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்கு என்னடா தெரியும்? ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. கடை வாசலில் இருக்கிற கரும்பலகையில் "யூரியா வந்துவிட்டது" என்று எழுதி, அதற்குக் கீழே நேற்றைய ஆட்டத்தில் யாருக்கு எத்தனை கோல் என்று எழுதி வைப்பேன், அவ்வளவுதான். ரயில்வே கேட்டு மூடிக் கிடக்கும்போது நிற்கிற பஸ்ஸும் லாரியும் அதைப் படித்துவிட்டுப் போகும். அதை வைத்து நீடாமங்கலமே என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

சரி என்று நோட்டை எடுத்து "நம் கிளப்" என்று எழுதினேன். அத்தோடு பேனா நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நம் கிளப்பை எதிர்த்து ஆடப்போவது நாகப்பட்டினத்துக் கடற்கரை அணி. அந்த அணிக்கு இடதுபக்கம் ஓடப்போவது நீ. அப்படியானால் "நம்" என்றால் யார்? இதைத்தான் மூன்று நாளாக யோசிக்கிறேன். சோறு வடிக்கும்போதும் யோசனை, பூச்சிமருந்துக்கு பில் போடும்போதும் யோசனை. நேற்று ஒருத்தர் களைக்கொல்லி கேட்டார், வேப்பம்புண்ணாக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். நல்ல மனுஷர், திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

உனக்கே தெரியும், இருந்தாலும் மலரைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இது லீகில் கடைசி ஆட்டம். வெண்ணாறு தோற்றால் கீழ் லீகுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் கிளப்பை மூடிவிடுவேன் என்று திருச்சியில் இருக்கிற முதலாளி சொல்லிவிட்டார். சமமாக முடிந்தால்கூட நாங்கள் பிழைத்துக்கொள்வோம். ஆனால் உங்களுக்குச் சமம் பத்தாது, ஜெயித்தால்தான் மேல் லீக். மேல் லீகுக்குப் போனால்தான் உன்னை வைத்துக்கொள்வார்கள் என்று நீயே போனில் சொன்னாய். நான் தாமோதரனைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் செயிக்கிற மாதிரி ஏதாச்சும் வழி இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "அக்கா, இது நீங்க அடிக்கடி கேக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

வரலாறு என்று பார்த்தால் அதிலும் ஒரே குழப்பம். கிளப்பை யார் ஆரம்பித்தது என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று கதை வந்தது. ஜங்ஷனில் நெல் மூட்டை ஏற்றுகிற லோடுமேன்கள், வேகன் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் பந்து உதைத்ததுதான் ஆரம்பம் என்கிறார் ஒருத்தர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ரயில்வே கார்டு பந்து வாங்கிக் கொடுத்ததாக இன்னொருத்தர் சொல்கிறார். மூன்றாவது ஆள் கோவில் விழாவுக்குக் கபடி நடத்த வந்தவர்கள் கோடு அழிந்துபோனதால் பந்தாட்டமாக மாற்றினார்கள் என்று சத்தியம் செய்கிறார். உன் அப்பாதானே முதல் கோல்கீப்பர், அவரைக் கேட்டால் தெரியும் என்று போனேன். "ஆரம்பிச்சாங்களா? யாரும் ஆரம்பிக்கல. வெளயாண்டோம்" என்றார். இதை எப்படி மலரில் போடுவது? போட்டுவிட்டேன். "யாரும் ஆரம்பிக்கவில்லை" என்றே முதல் வரி இருக்கிறது.

அந்தக் காலத்தில் மைதானம் என்று தனியாக ஒன்று கிடையாது. சம்பா அறுத்த வயலில் அடித்தாளை மிதித்து மிதித்துத்தான் ஆடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வருஷத்து ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். கோப்பை யாருக்கு என்று முடிவாகாமலே எத்தனையோ வருஷம் தண்ணீர் வந்துவிட்டிருக்கிறது, யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் கோப்பையை மறந்துவிடுவார்கள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் நான் பார்த்த முதல் மேட்சே அப்படித்தான் பாதியில் நின்றது. பந்து வாய்க்காலோடு போக, கோல்கீப்பர் பின்னாலேயே ஓடினார். இந்த ஆளையா எனக்குக் கட்டி வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பந்தோடு ஒரு கூடை கெண்டை மீனும் கொண்டுவந்தார், அதனால் மன்னித்துவிட்டேன்.

பிறகு முதலாளி வந்தார். வாலிபர் கழகம் என்று இருந்தது எஃப்.சி. ஆனது. நாற்றுப் பச்சையில் ஜெர்சி, கதிர் மஞ்சளில் கோடு, நெஞ்சில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கு. கால்பந்து கிளப்புக்கு ஒற்றைக்கால் கொக்கா என்று நான் அன்றைக்கே கேட்டேன், என் பேச்சை யார் கேட்டார்கள்? ஆற்றங்கரையில் நிலம் வாங்கி மண்ணடித்துச் சமப்படுத்தினார்கள். லீகில் சேர வேண்டும் என்றால் மைதானம் முழுக்கப் புல் இருக்க வேண்டும் என்று சட்டம். புல் வைத்துப் பராமரிக்கிற பொறுப்பை உன் அப்பாவிடம் கொடுத்தார்கள். அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதானே? நடவு ஆட்களைக் கூப்பிட்டார். பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, அருகம்புல்லைக் குத்துக் குத்தாக நட்டுக்கொண்டே போனார்கள். நீ அப்போது டவுசர் போட்ட பையன். வரப்பே இல்லாமல் ஏன் நடுகிறார்கள் என்று என்னைக் கேட்டுக் கேட்டுத் துளைத்தாய்.

நட்டது காயக்கூடாது என்று மேலே வைக்கோலைப் பரப்பித் தண்ணீர் விட்டார்கள். ஊரில் உள்ள அத்தனை விவசாயியும் வந்து பார்த்து, "பிரமாதம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். வைக்கோலில் நெல் ஒட்டிக்கொண்டிருக்கும், ஈரம் பட்டால் முளைக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார். நாள் முழுக்க நெல்லிலேயே கிடக்கிற ஊர், விதை விற்கிற நான் உட்பட. லீகிலிருந்து பார்வையிட ஓர் அதிகாரி வந்தபோது மைதானம் பச்சைப் பசேல் என்று இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன புல்லுங்க?" என்றார். கூட்டத்தில் ஒரு குரல் பெருமையாக, "பொன்னிங்க" என்றது.

பிடுங்கி எறியுங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். எறிவதா? ஒரு பெண்ணும் கை வைக்கவில்லை. "நல்லா வந்த பயிர எப்புடிங்க எறியறது? கையி வருமா?" என்று நின்றுவிட்டார்கள். கடைசியில் உன் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்றுப் பறிப்பதுபோல் பக்குவமாகப் பறித்து, சிறு சிறு கட்டாக முடி கட்டி, வடக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் நட்டுவிட்டார்கள். அது விளைந்ததும் அந்த அரிசியில் பொங்கல் வைத்து ஆட்டக்காரர்களுக்குப் போட்டார்கள். அன்று முதல் கோலுக்குப் பின்னால் பயிர் இருந்துகொண்டே இருக்கிறது. பந்து உள்ளே விழுந்தால் வரப்பு வழியாகத்தான் போய் எடுக்க வேண்டும், குறுக்கே மிதிக்கக்கூடாது. வெளியூர் கோல்கீப்பர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று லீகிலிருந்து ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள், அறுப்பு முடிந்ததும் எடுத்துவிடுகிறோம் என்று தாமோதரனும் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார். எதிர் அணிக்காரர்கள் நம்மை "நாத்தாங்கால்" என்று கேலி செய்யத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் அதையே பிடித்துக்கொண்டு "நாத்து! நாத்து!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் உனக்கு எதிராக வரும். போன வருஷம் வரைக்கும் உன் காலில் பந்து போனால் வந்த சத்தம் அது. காதில் வாங்கிக்கொள்ளாதே என்று சொல்லலாம்தான், ஆனால் காதில் விழாமல் எப்படி இருக்கும்?

நீ கிளப்பை விட்டுப் போனதை மலரில் எழுதுவதா வேண்டாமா என்று தாமோதரனிடம் கேட்டேன். "ஒரு வரி போதும்க்கா" என்றார். ஒரு வரியில் என்ன எழுத? புதிதாக வந்த கோச் உன்னைப் பெஞ்சிலேயே உட்கார வைத்தார். மாற்று ஆட்டக்காரர்களின் ஆரஞ்சு பனியனைப் போட்டுக்கொண்டு, கோட்டோரமாக ஓடி ஓடிக் கால் சூடேற்றிவிட்டு, கூப்பிடாமலே மறுபடி வந்து உட்காருவாய். நான் பார்க்காத மாதிரி கடலைக்காய் உரித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில்தான் கடற்கரை அணியின் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். படகுக்காரக் குடும்பத்து மனுஷர், வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டார். "ஒங்க புள்ளைய மணல்ல ஓட விட்டுப் பாத்தேங்க்கா. மணல்ல ஓடறவன் எங்கயும் ஓடுவான்" என்றார். போகிற அன்றைக்கு நீ அப்பாவிடம், "நான் போவட்டுமாப்பா?" என்று கேட்டாய். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "கேட்டு தெறந்துட்டான், பஸ்ஸு போயிரும்" என்றார். போகச் சொன்னாரா, போகாதே என்றாரா? நீ ஒரு மாதிரி எடுத்துக்கொண்டாய், நான் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டேன். அவரைக் கேட்டால், "கேட்டு தெறந்துருந்துச்சு, சொன்னேன்" என்கிறார். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசுவதெல்லாம் மழையைப் பற்றித்தான். "அங்க மழ உண்டா?" "இல்லப்பா, அங்க?" "இங்கயும் இல்ல." இவ்வளவுதான். கோடையில் எங்கேயடா மழை?

என் கரும்பலகையைப் பற்றியும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஸ்கோர் எழுதும்போது நான் கிளப் பெயரே எழுதுவதில்லை, உனக்குத் தெரியும். இடதுபக்கம் "நாம", வலதுபக்கம் "அவங்க". எல்லா ஆட்டத்துக்கும் இதுதான். நேற்றுக் காலையில் பலகையைத் துடைத்துவிட்டு, ஞாயிறு மேட்ச் என்று மேலே எழுதி, இடதுபக்கம் "நாம" என்று எழுதினேன். வலதுபக்கம் சாக்பீஸ் போகவே இல்லை. "அவங்க" என்று உன்னையா எழுதுவேன்? கேட்டில் நின்ற மயிலாடுதுறை பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்து, "என்னங்க அக்கா, யாரோட மேட்ச்சுன்னு போடலயே?" என்று கேட்டார். "தெரியலீங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஸ் போய்விட்டது. அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பஸ்ஸும் அந்தக் கேட்டில்தான் நிற்கும், வழக்கம்போல கேட்டு திறந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் நீயே பார்ப்பாய்.

பெற்றவள் என்று இருந்தால் புத்தி சொல்ல வேண்டும். சொல்லத்தான் பார்க்கிறேன். பழைய கிளப்புக்கு எதிராக கோல் போட்டால் கொண்டாடாமல் கையைத் தூக்கிக் கும்பிடுவது ஒரு மரியாதை என்று தாமோதரன் சொன்னார். அதை உனக்கு எழுதச் சொன்னார். எழுத வந்தேன். ஆனால் நீ கோல் போட்டுவிட்டுச் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சின்ன வயதிலிருந்து கோல் போட்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அந்த வரப்போரமாக ஓடுவாயே, அதைப் பார்க்கத்தானே நான் கடையைச் சாத்திவிட்டு வருவேன். அதனால் கொண்டாடு. இல்லை, வேண்டாம். அந்த வரப்பில்தான் உன்னைத் தூக்கி வளர்த்த ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், கிளப் மூடிப்போவதை நினைத்துக்கொண்டு. என்ன செய்வாயோ செய். இன்னொன்றும் சொல்கிறேன். தோற்றவர்களிடம் கை கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துக் கை கொடு. இது ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, இன்று சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். உன் அப்பா ஓஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக வெயில், தரை பாளம் பாளமாகக் கிடக்கிறது. தண்ணீர் விட வேண்டியதுதான். ஆனால் வடமேற்கு மூலை நன்றாக நனைந்திருந்தது, தென்கிழக்கு மூலையில் பைப் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் பொட்டு ஈரம் இல்லை. எனக்கு ஆஃப்சைடு தெரியாதுதான். ஆனால் வடக்கே பார்த்து ஆடினாலும் தெற்கே பார்த்து ஆடினாலும் இடதுபக்கம் ஓடுகிறவன் எங்கே ஓடுவான் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"என்னங்க, அந்த ரெண்டு மூலைக்கு மட்டும் தண்ணி?" என்றேன்.

"அங்கதான் காஞ்சு கெடக்கு."

"எல்லா எடமுந்தான் காஞ்சு கெடக்கு."

அவர் பைப் வாயில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். பிறகு பைப்பைப் பார்த்துக்கொண்டே, "ஈரமா இருந்தா பந்து ஓடாது, நின்னு நின்னு வரும். அவன் வேகம் செத்துரும். நம்ம பயலுவ புடிச்சிருவானுவ" என்றார்.

எனக்கு வந்தது பார் ஆத்திரம். டீத் தூக்கை ணங்கென்று கீழே வைத்தேன். "பெத்த புள்ள காலுக்கா மடைய வெட்டி விடுறீங்க? நீங்க மனுஷந்தானா? அவன் பொழப்பு போயிரும்ங்க" என்று சத்தம் போட்டேன். அந்தப் பக்கம் கோல் கம்பத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மனுஷருக்குக் கிளப்தான் முதல், பிள்ளை அப்புறம்தான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பைப்பை விடவில்லை. காலால் தரையை அமுக்கிப் பார்த்தார்.

"முன்ன இந்த எடத்துலதானே விழுந்தான்" என்றார். "முட்டிய புடிச்சுகிட்டுக் கெடந்தானே. இப்பவும் இந்த எடம் கருங்கல்லாட்டம் கெடக்கு. விழுந்தா இந்தத் தடவ மெத்துனு விழட்டும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எதுக்குத்தான் ஊத்துறீங்க? கிளப்புக்கா, அவனுக்கா?"

அவர் பைப்பை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "ஊத்த ஆரம்பிக்கிறப்ப தெரிஞ்சுது" என்றார். "இப்பத் தெரியல."

நான் அவர் பக்கத்தில் நின்றேன். டீ ஆறிப்போனது. தண்ணீர் அந்த மூலையில் தேங்கி, மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. போதும் என்று நானும் சொல்லவில்லை, இன்னும் விடுங்கள் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவராகவே போய் மோட்டாரை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கிளப்பின் கதை கேட்ட தாமோதரன் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார். மைதானத்தின் ரகசியத்தை எதிர் அணிக்காரனுக்கு எழுதுகிறவளை எந்தக் கிளப் மன்னிக்கும்? மலரில் போடட்டும், ஊரே படிக்கட்டும், உங்கள் கோச்சும் படிக்கட்டும். ஆனால் மலர் உன் கைக்கு வரும்போது நீ மைதானத்துக்கு வந்திருப்பாய். அதனால் இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் இப்போதே போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். ஈரத் தரைக்குப் போடுவாயே, அடியில் நீளமாகக் குமிழ் வைத்த பூட்ஸ், அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள். வழுக்காது. இதை எழுதியது கிளப்புக்கு நல்லதா கெட்டதா என்று எழுதிய பிறகுதான் யோசிக்கிறேன். அந்த வரியை அடித்துவிடப் பேனாவைத் தூக்கினேன், அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எது நடந்தாலும் நம் இரண்டு பேரில் ஒருத்தர் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கும், அது ஒரே வீடு. ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸில் ஏறிவிடாதே. அப்பாவிடம் போய் மழையைப் பற்றிக் கேட்காதே. இந்தத் தண்ணீரைப் பற்றிக் கேள்.